மூன்றாம் வகுப்பு டிக்கெட்

சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் காட்டுப்பாக்கம் இருக்கிறது. கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் அங்குள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான். டில்லிக்குப் போகலாமா? காசிக்குப் போகலாமா? விமானத்தில் போனால் எவ்வளவு ஆகும்? எந்த நாளில் போனால் கட்டணம் குறையும்? ரெயிலில் போனால் எவ்வளவு மிச்சப்படும்? அப்பா கணக்குப் போடுகிறார். அம்மா வழிக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்று யோசிக்கிறார். பிள்ளைகள் வாய் திறக்காமல் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒவ்வொரு பிரயாணத்துக்கும் இதே கணக்கைப் போட்டவர் ஒருவர் இருந்தார். அவர் விமானத்தில் ஏறியதே கிடையாது. ஆனால் வடக்கே லாகூர் முதல் தெற்கே தரங்கம்பாடி வரை இந்த நாட்டைச் சுற்றி வந்தார். காட்டுப்பாக்கத்துக்கு வடக்கே சில மைல் தூரத்தில், ஆவடி, அம்பத்தூர் வழியாக ஓடும் இருப்புப் பாதையிலும் அவர் வந்திருக்கிறார். இரண்டு இரவு சரியாகத் தூங்காமல், நெரிசலில் நசுங்கி, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து வந்தார்.

அவர்தான் மகாத்மா காந்தி.

அவர் பணம் இல்லாமல் அப்படி வரவில்லை. முதல் வகுப்பில் போகும் வசதி அவருக்கு இருந்தது. முதல் வகுப்புக்காகப் போராடியும் இருக்கிறார். அப்படிப்பட்டவர் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது.

சீமையில் கற்ற பாடம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், பாரிஸ்டர் படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 18.

லண்டன் போன புதிதில் வாலிபர் காந்திக்கு வெள்ளைக்காரத் துரைமார் போல வாழ வேண்டும் என்று ஆசை வந்தது. 19 ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். 10 பவுன் கொடுத்து மாலை நேர உடுப்பு தைத்துக்கொண்டார். நடனம் கற்கப் பணம் கட்டினார். 3 பவுனுக்குப் பிடில் வாங்கினார். ஊரில் அண்ணன் கஷ்டப்பட்டு அனுப்பிய பணம் தண்ணீராகக் கரைந்தது.

இந்த மோகம் மூன்று மாதம்தான் நீடித்தது. பிறகு தெளிவு வந்தது. படிக்க வந்தவனுக்கு இது எதற்கு என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பிடிலை விற்க ஏற்பாடு செய்தார். செலவைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தார்.

எங்கே குறைப்பது? அதற்குக் கணக்குப் புத்தகம் வழி காட்டியது. காந்தி செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி வைப்பார். வண்டிச் சத்தம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதையும் விடமாட்டார். இரவு படுக்கப் போகும் முன் கூட்டிப் பார்த்து, கையிருப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டியபோது, வண்டிக்கே ஏராளமாகப் போயிருப்பது தெரிந்தது. உடனே, போக வேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை பார்த்துக் குடியேறினார். தினமும் எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார். வண்டிச் செலவு நின்றது, உடம்பும் உறுதிப்பட்டது. பிறகு இரண்டு அறைகளை விட்டு ஒரே அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். மத்தியானம் மட்டும் வெளியில் சாப்பாடு. இரவில் ரொட்டியும் கோகோவும். சாப்பாட்டுச் செலவு நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சுக்கு இறங்கியது.

1889-ம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் பெரிய பொருட்காட்சி நடந்தது. காந்தியும் பார்க்கப் போனார். கையில் ஊர்ப் படம் ஒன்று வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே ஏழு நாளில் பாரிசைச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சிக்கனம்தான். ஓர் இடத்தில் மட்டும் சபலம் தட்டியது. புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஈபெல் கோபுரத்தின் முதல் தட்டில் ஓர் உணவு விடுதி இருந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே 7 ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார். சுமார் ஆறு நாள் சாப்பாட்டுப் பணம் அது! அதை வீண் செலவு என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார்.

5 ஷில்லிங் மிச்சம்

பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்பிய காந்திக்கு இந்தியாவில் வக்கீல் தொழில் சரியாக அமையவில்லை. 1893-ம் ஆண்டு, தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பனில் இருந்து பிரிட்டோரியா போக வேண்டும். முதல் வகுப்பு டிக்கெட் எடுக்கப்பட்டது.

அந்த ரெயிலில் இரவில் படுக்கை வேண்டுமானால் தனியாக 5 ஷில்லிங் கட்ட வேண்டும். கட்டிவிடுங்கள், பணத்தைப் பார்க்க வேண்டாம் என்று அப்துல்லா சேட் எவ்வளவோ சொன்னார். காந்தி கேட்கவில்லை. கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் கௌரவம், 5 ஷில்லிங் மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லாம் சேர்ந்து வேண்டாம் என்று சொல்ல வைத்தன. தம்மிடம் இருந்த படுக்கையே போதும் என்றார்.

ஜூன் 7-ந் தேதி இரவு சுமார் 9 மணிக்கு வண்டி மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் நின்றது. ஒரு வெள்ளைக்காரப் பிரயாணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பு நிற மனிதர் இருப்பதைக் கண்டதும் திரும்பிப் போய் அதிகாரிகளை அழைத்து வந்தார். சாமான் வண்டிக்குப் போகும்படி அவர்கள் காந்தியிடம் சொன்னார்கள். கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருக்கிறது, இறங்க மாட்டேன் என்று காந்தி மறுத்தார். போலீஸ்காரர் வந்து அவரைப் பிடித்து வெளியே தள்ளினார். சாமான்களும் வெளியே வந்து விழுந்தன. ரெயில் போய்விட்டது.

அது குளிர் காலம். மலைப்பாங்கான ஊர். பிரயாணிகள் தங்கும் அறையில் விளக்குகூட இல்லை. காந்தியின் கம்பளிக் கோட்டு சாமான்களோடு ரெயில்வேக்காரர்களிடம் இருந்தது. கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கவில்லை. இரவு முழுவதும் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கே திரும்பிவிடுவதா, நின்று போராடுவதா? அன்று இரவு இதுதான் கேள்வி. விடிவதற்குள் முடிவு செய்துவிட்டார். இந்த அவமானம் தமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல, அங்குள்ள இந்தியர் எல்லோருக்கும் தினமும் நேர்வது என்று உணர்ந்தார். போராடுவது என்று தீர்மானித்தார்.

மறுநாளும் அடுத்து வந்த நாட்களிலும் அவர் முதல் வகுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. பணம் கொடுத்தவனுக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அவருடைய வாதம். பின்னால் இதே வாதத்தை அவர் மூன்றாம் வகுப்பு ஏழைகளுக்காகவும் எடுத்தார்.

12 அணாப் பை

1901-ம் ஆண்டு காந்தி இந்தியா திரும்பினார். கல்கத்தா காங்கிரசுக்குப் போய், அங்கே கோகலேயின் வீட்டில் ஒரு மாதம் தங்கினார். 1902-ம் ஆண்டு பிப்ரவரியில் ராஜ்கோட் திரும்பும்போது, மூன்றாம் வகுப்பில் போய் ஏழை மக்களின் கஷ்டத்தை நேரில் அறிவது என்று தீர்மானித்தார். முதலில் சிரித்த கோகலே, காரணத்தைக் கேட்டதும் சம்மதித்தார்.

அந்தப் பிரயாணத்துக்குக் காந்தி செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் படித்துப் பயன் பெறலாம். 12 அணாவுக்கு, அதாவது முக்கால் ரூபாய்க்கு, ஒரு கித்தான் பை வாங்கினார். அதில் முரட்டுக் கம்பளியில் தைத்த நீளக் கோட்டு ஒன்று, வேட்டி ஒன்று, சட்டை ஒன்று, துண்டு ஒன்று. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. தண்ணீருக்கு ஒரு செம்பு. கோகலே ஓர் உலோகச் சாப்பாட்டுப் பெட்டியில் பூரியும் இனிப்பு உருண்டையும் நிரப்பிக் கொடுத்தார். மூட்டை முடிச்சு அவ்வளவுதான்.

வழியனுப்பக் கோகலே நிலையத்துக்கே வந்தார். காந்தி முதல் வகுப்பில் போயிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். மூன்றாம் வகுப்பில் போவதால்தான் வந்தார்.

காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் என்று நான்கு ஊர்களில் காந்தி இறங்கினார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள். பாலன்பூர் தவிர மற்ற ஊர்களில் யாத்ரீகர்களைப் போலத் தர்ம சத்திரத்திலோ பண்டா வீட்டிலோ தங்கினார். மெயில் வண்டியில் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம். ஆகவே சாதாரண வண்டியையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். கல்கத்தாவில் இருந்து ராஜ்கோட் வரை ரெயில் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அவருக்கு 31 ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை.

பணம் மிச்சமானது. ஆனால் மனம் நொந்தது. பெட்டிகளில் குப்பை, கூச்சல், நெரிசல். ரெயில்வேக்காரர்கள் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளை ஆடு மாடு போல நடத்தினார்கள். குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் காந்தி கண்டார். உட்கார்ந்த இடத்திலேயே துப்புவது, குப்பையைக் கீழே போடுவது, வெற்றிலையும் புகையிலையும் மென்று பெட்டியையே எச்சிற்படிக்கமாக ஆக்குவது, பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக் கவலைப்படாமல் கத்துவது எல்லாம் பிரயாணிகளின் குற்றம். இரண்டையும் திருத்த வேண்டும் என்றார்.

சென்னையில் தேடல்

தென்னாப்பிரிக்கப் போராட்டம் முடிந்து, 1915-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி காந்தி பம்பாயில் வந்து இறங்கினார். அதன் பிறகு ரெயிலில் மூன்றாம் வகுப்பு என்பது அவருக்கு விரதம் போல ஆயிற்று. கஸ்தூரிபாயும் அதே பெட்டியில்தான் வந்தார்.

ஒரு முறை கல்யாண் நிலையத்தில் காந்தி குழாயடியில் குளித்தார். கஸ்தூரிபாய் எங்கே குளிப்பது? உடன் இருந்த நண்பர் ஒருவர், அவரை இரண்டாம் வகுப்புக் குளியல் அறைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த அறையில் உரிமை இல்லை. காந்தி தயங்கினார். கடைசியில் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். இது தம்முடைய தவறு என்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் வருந்தி எழுதினார். மலிவாகப் போவது வேறு, ஏமாற்றிப் போவது வேறு என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு.

அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி காந்தியும் கஸ்தூரிபாயும் சென்னைக்கு வந்தார்கள். சென்டிரல் நிலையத்தில் மாலையும் கையுமாகப் பெருங்கூட்டம். வண்டி வந்து நின்றதும் முதல் வகுப்பில் தேடினார்கள். இரண்டாம் வகுப்பில் தேடினார்கள். காந்தியைக் காணோம். எல்லோருக்கும் ஏமாற்றம். பிறகுதான் வண்டியின் கோடியில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவர் இருப்பது தெரிந்தது. நெடும் பிரயாணத்தில் களைத்து மெலிந்து இறங்கினார் அவர். தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். அங்கிருந்து மாயவரம், தரங்கம்பாடி வரை போய் வந்தார். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர் கொடுத்த தமிழர்களின் நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆவல்.

ஜன்னல் வழியே

1917-ம் ஆண்டு. இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து அனுப்பும் முறையை ஒழிக்க வேண்டும் என்று காந்தி ஊர் ஊராகப் போனார். குறிப்பிட்ட நாளில் கல்கத்தாவில் இருக்க வேண்டும். லாகூரில் வண்டி மாற வேண்டும். எந்தப் பெட்டியிலும் இடம் இல்லை. 12 அணா கொடுத்தால் ஏற்றிவிடுகிறேன் என்றார் ஒரு போர்ட்டர். காந்தி சம்மதித்தார். போர்ட்டர் ஒவ்வொரு பெட்டியாகக் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் காந்தியை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டு, 12 அணாவைப் பெற்றுக்கொண்டு போனார்.

உள்ளே நிற்கத்தான் இடம் இருந்தது. மேல் பலகையின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காந்தி இரண்டு மணி நேரம் நின்றார். ஏன் கீழே உட்காரவில்லை என்று சிலர் அதட்டினார்கள். காந்தி பதிலுக்குக் கோபிக்கவில்லை. கடைசியில் பெயரைக் கேட்டார்கள். அவர் சொன்னார். எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு இடம் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, பம்பாயில் இருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் டிக்கெட் எடுத்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்த பெட்டி. படுக்க வசதி இல்லை. இரண்டு இரவு அதில் கழிக்க வேண்டும். ராய்ச்சூர் தாண்டியதும் கூட்டம் தாங்க முடியவில்லை. 35 பேர் வரை அடைந்தார்கள். சிலர் அழுக்குத் தரையில் படுத்தார்கள். சிலர் நின்றபடியே வந்தார்கள். இது எனக்கு ஐந்தாவது இரவு என்று ஒரு வியாபாரி முறையிட்டார். கார்டு அவரைத் திட்டிவிட்டுப் போனார். வழி முழுவதும் பெட்டியை ஒரு தடவைகூடப் பெருக்கவில்லை. கழிப்பறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விற்க வந்த பலகாரங்களில் ஈ மொய்த்தது.

இந்தக் கோலத்தில்தான் அந்த வண்டி அரக்கோணம் தாண்டி, ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னைக்குள் நுழைந்தது. பாதை ஓரம் வயல்களும் ஏரிகளும் இருந்த காலம் அது. மூன்றாம் வகுப்பில் நசுங்கி வருகிறவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சென்னையில் இறங்கினால் அங்கேயும் ஒரு வழக்கு! கேட்ட பணம் கொடுத்தால்தான் வண்டியை ஓட்டுவேன் என்றார் குதிரை வண்டிக்காரர். சட்டப்படி உள்ள சத்தத்தைத் தருகிறேன் என்றார் காந்தி. வண்டிக்காரர் மறுத்தார். வேண்டுமானால் என்னைப் பிடித்து இழுத்துக் கீழே போடு, அல்லது போலீசைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுக் காந்தி இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். சத்தியாக்கிரகம் வென்றது. வண்டி புறப்பட்டது.

காந்தி இதை எல்லாம் சும்மா விடவில்லை. அதே மாதம் 25-ந் தேதி ராஞ்சியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதிலும் கணக்குத்தான். பம்பாய் - சென்னை முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் முதல் வகுப்புக்காரருக்கு உள்ள வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கிடைக்க வேண்டாமா? பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று கேட்டார். வைசிராயும் மகாராஜாக்களும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தடவை மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். இந்தியா திரும்பிய இரண்டரை ஆண்டில், கால் பங்குக்கு மேல் அவர் மூன்றாம் வகுப்பு ரெயிலில் கழித்திருந்தார். ஆகவே அந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

மதுரைக்குப் போகும் வழியில்

1918-ம் ஆண்டு காந்தி கடுமையாக நோய்வாய்ப்பட்டார். அதன் பிறகு மூன்றாம் வகுப்பை அநேகமாக விட வேண்டியதாயிற்று. உடம்பு இடம் கொடுக்கவில்லை. இது அவருக்குப் பெரிய வேதனை. குறைகளைத் தீர்க்கக் கிளர்ச்சி சூடு பிடித்த நேரத்தில் தாமே விலகும்படி ஆகிவிட்டதே என்று வெட்கப்பட்டார்.

ஆனால் ரெயிலில் மக்களோடு பேசுவதை அவர் விடவில்லை. 1921-ம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் இருந்து மதுரைக்குப் போனார். வண்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார். நாங்கள் ஏழைகள், அந்த விலைக்குக் கதர் வாங்க எங்களால் முடியாது என்றார்கள் அவர்கள். காந்தி அப்போது சட்டை, தொப்பி, நீள வேட்டி எல்லாம் அணிந்திருந்தார். அந்தப் பதில் அவர் நெஞ்சில் தைத்தது. செப்டம்பர் 22-ந் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், முழங்கால் அளவு துண்டுக்கு மாறினார். கடைசி வரை அதுதான் அவர் உடை.

1931-ம் ஆண்டு வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் போனபோதும் அதே உடை. கப்பலில் தம் கூட்டத்தார் தேவைக்கு மேல் பெட்டிகள் கொண்டுவந்திருப்பதைக் கண்டார். மிகுதியை ஏடன் துறைமுகத்தில் இருந்தே திருப்பி அனுப்பினார். 12 அணாப் பையோடு ஊர் சுற்றியவர் அல்லவா?

பிற்காலத்தில் அவர் மீண்டும் மூன்றாம் வகுப்பில் போனார். ஆனால் அது பழைய பிரயாணம் போல இல்லை. நிலையம்தோறும் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடிவிடுவார்கள். அவருக்காகத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன. அதைச் சொல்லி நண்பர்களே கேலி செய்தது உண்டு. பெயர் தெரியாத பிரயாணியாக ஒரு மூலையில் உட்கார்ந்து வரும் பாக்கியம் அவருக்குப் போய்விட்டது.

கடைசிப் பிரயாணம்

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி டில்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அஸ்தியைப் பிரயாகையில், கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் கரைக்க ஏற்பாடு ஆயிற்று. பிப்ரவரி 11-ந் தேதி அதிகாலையில் டில்லியில் இருந்து தனி ரெயில் புறப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் அது. எவ்வளவு உயர்ந்த பெட்டியையும் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த ரெயிலில் இருந்தவை ஐந்து பெட்டிகள். ஐந்தும் மூன்றாம் வகுப்பு. நடுவில் இருந்த பெட்டியில், பூக்களுக்கு இடையே அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்தது. வழி நெடுக மக்கள் பாதை ஓரம் நின்று கும்பிட்டார்கள்.

1974-ம் ஆண்டு இந்திய ரெயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே எடுக்கப்பட்டது. இன்று அந்த டிக்கெட் யாருக்கும் கிடைக்காது. ஆனால் குறைந்த கட்டணம் கொடுத்தவனும் முழு மனிதனே என்ற கணக்கு அழியவில்லை. அதை எழுதியவர் 13 ரூபாய் 9 அணா கொடுத்து, தரையில் கிடந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து எழுதினார்.